தோரா விதைத்த கோணல் வயல்

மெட்ரோ சாவ்சின் இறந்தபோது விதைப்பு முக்கால்வாசி முடிந்திருந்தது. வடக்கு வயலின் ஓரத்தில் டிராக்டர் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு லாரியில் போன அவர் மனைவி தோரா, அவர் ஏதோ பழுது பார்க்கக் கீழே இறங்கியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போனபோது பெரிய சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். வலியே தெரிந்திருக்காது என்றும் சொன்னார். எல்லா டாக்டர்களும் எல்லாரிடமும் இதைத்தான் சொல்வார்கள் என்று தோராவுக்குத் தெரியும். ஆனாலும் நம்பினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் மூன்று டிராக்டர்கள் வந்தன. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் யாரையும் கூப்பிடவில்லை. மெட்ரோ விட்ட இடத்திலிருந்து தொடங்கி, இருட்டுவதற்குள் விதைத்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பெண்கள் கொண்டுவந்து வைத்த பலகாரங்களால் உறைபெட்டியின் மூடி மூட மாட்டேன் என்றது. ஆர்விட் என்ற அந்தச் சிற்றூரில் அப்போது வசித்தவர்கள் பத்தொன்பது பேர். சுற்றுவட்டாரப் பண்ணைகளையும் சேர்த்தால் ஒரு கல்யாணப் பந்தியின் பாதிக்குத் தேறும். அத்தனை பேரும் அந்த வாரம் ஒருமுறையாவது தோராவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

தோரா அந்த ஊரில் பிறந்தவள் இல்லை. வடக்கே ஏரிக்கரையில், ஐஸ்லாந்திலிருந்து வந்து குடியேறி மீன்பிடித்துப் பிழைத்தவர்களின் பேத்தி. இருபது வயதில் ஆர்விட்டுக்கு வந்தது டெலிபோன் நிலையத்தில் சித்திக்கு உதவியாக இருக்க. அந்தக் காலத்தில் யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் அவள் கை வழியாகத்தான் பேச வேண்டும். உக்ரேனியக் குடியானவர் வீட்டு மூத்த பையனான மெட்ரோ வாரத்துக்கு மூன்று முறை வந்து கவுன்ட்டரில் சாய்ந்து நிற்பான்.

"எங்க பேசணும்?" என்று கேட்பாள் தோரா.

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பான்.

யோசித்து முடித்தபோது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமியார் பராஸ்கா, "மீன்காரிக்கு மாவு பிசையத் தெரியுமா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். ஒரே வருடத்தில், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அவித்தெடுக்கிற பெரோகிக் கொழுக்கட்டையை மாமியாரைவிட மெல்லிசாகத் தேய்க்கப் பழகிக்கொண்டாள் மருமகள். அதற்குப் பிறகு பராஸ்கா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாறாக, "என் மருமக கை மாதிரி வராது" என்று மற்ற வீட்டுக்காரிகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள்.

மெட்ரோ நல்ல மனிதர். குடி கிடையாது, சத்தம் போட மாட்டார். ஆனால் இயந்திரங்கள் அவருடையவை. விதைப்பு மிஷினையும் அறுவடை மிஷினையும் வேறொருவர் தொட விடமாட்டார். தோரா முப்பது வருடம் தானிய லாரி ஓட்டினாள். அறுவடை மிஷின் பக்கத்தில் அதே வேகத்தில் லாரியைக் கொண்டுபோய், மேலிருந்து கொட்டுகிற கோதுமை ஒரு மணிகூடக் கீழே சிந்தாமல் வாங்குவாள். அது லேசான வேலை இல்லை. ஆனாலும் எப்போதும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தபடிதான். ஒருமுறை, "நானும் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டபோது, "பொத்தான் நிறைய இருக்கு தோரா, உனக்கு எதுக்கு தலைவலி?" என்று சொல்லிவிட்டார். அன்பாகத்தான் சொன்னார்.

கோடை முழுவதும் மகள் காரின், மலையடிவாரத்து நகரத்திலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்தாள்.

"அம்மா, தனியா அங்க என்ன பண்ணப்போற? இங்க வந்துடு. கீழ்த்தளம் சும்மாதான் கிடக்கு."

"கீழ்த்தளத்துல ஜன்னல் எங்க இருக்கு?"

"ஏன், மேல சின்னதா ஒண்ணு இருக்கே."

"அதுல பார்த்தா புல்லோட வேர்தான் தெரியும். அறுவடை முடியட்டும்டி, பார்ப்போம்."

நிலத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மெட்ரோவின் தம்பி நிக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வான். அவன் நிலம் அடுத்ததுதான். ஐம்பதைத் தாண்டிய மனிதன், வேலைக்கு அஞ்சாதவன். பேச்சு மட்டும் குறைவு. தோராவும் அப்படித்தான் ஆகும் என்று எண்ணியிருந்தாள். அப்படி ஆகாமல் போனதற்குக் காரணம் ஒரு சேற்றுப் பள்ளம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஊரே அறுவடை மிஷின்களோடு வந்து இறங்கியது. ஆளை இழந்த வீட்டின் முதல் அறுவடையை மற்றவர்கள் சேர்ந்து முடித்துக்கொடுப்பது அங்கே வழக்கம். விடிந்து பனி உலர்ந்ததும் சாலையில் வரிசையாக மஞ்சள் விளக்குகள் மினுக்க அவை வந்ததைத் தோரா வாசற்படியில் நின்று பார்த்தாள். சமுதாயக் கூடத்துப் பெண்கள் முற்றத்தில் மேசை போட்டு, கோழியும் முட்டைக்கோஸ் சாலட்டும் பழம் வைத்துச் சுட்ட பணியாரங்களும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நிக்கின் மனைவி நெட்டி தலைமை.

"அக்கா, நீங்க பேசாம உக்காருங்க. இன்னிக்கு உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது" என்றாள்.

தோரா உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். பிறகு உள்ளே போய், ஆணியில் தொங்கிய, சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த மெட்ரோவின் வேலை உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, கொட்டகைக்கு நடந்தாள். அங்கே மெட்ரோவின் மிஷினில் ஏற நிக் ஏணியில் ஒரு கால் வைத்திருந்தான்.

"அண்ணி, எங்க வர்றீங்க?"

"என் மிஷின்ல ஏற."

"லாரிக்கு ஆள் வேணும் அண்ணி."

"லாரியை நீ ஓட்டு. சிந்தாம வாங்கத் தெரியுமில்ல?"

நிக் காலை எடுத்துவிட்டான். லாரிப் பக்கம் நடந்தான்.

உள்ளே பொத்தான்கள் நிறையத்தான் இருந்தன. ஆனால் முப்பது வருடம் அருகிலேயே ஓடிய மிஷின். எந்தச் சத்தத்துக்கு எது நடக்கும் என்று அவள் காதுக்குத் தெரியும். முதல் சுற்று மெதுவாக வந்தது. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் தைரியம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே, இடுப்புயரக் கோதுமை முன்னால் வந்து விழுந்துகொண்டே இருந்தது. மேலிருந்து பார்த்தால் நிலம் வேறு மாதிரி இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வானம் கீழே வரை இறங்கியிருந்தது. மெட்ரோ இத்தனை வருடம் இதையா தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று லேசாகக் கோபம்கூட வந்தது.

மூன்றாவது சுற்றில், வயல் நடுவே பயிர் மற்ற இடங்களைவிடப் பச்சையாகவும் உயரமாகவும் நிற்பதைக் கண்டாள். எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு நேராக அதற்குள் விட்டாள். மெட்ரோ அந்த இடத்தை எப்போதும் வளைத்துக்கொண்டு போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் அச்சு வரை சேற்றில் இறங்கின. பின்னால் போகப் பார்த்தாள், இன்னும் இறங்கியது.

வயலில் ஓடிக்கொண்டிருந்த மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு சத்தமும் இல்லை. காற்று மட்டும் அடித்தது. ஒவ்வொரு கண்ணாடிக் கூண்டிலிருந்தும் ஒரு தொப்பி தன்னையே பார்ப்பது தோராவுக்குத் தெரிந்தது. காது மடலெல்லாம் சுட்டது. அப்போது வயர்லெஸ் கரகரத்தது. கிழக்குப் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் லாயிட் ஃபெர்பியின் குரல்.

"தோரா, அங்க மீன் ஏதாச்சும் கிடைக்குதா?"

ஒரு நொடி அவளுக்கு அழுகைதான் வந்தது. பிறகு கை தானாக வயர்லெஸை எடுத்தது.

"கிடைக்குது லாயிட். உனக்கு வேணா தலையைத் தர்றேன். உன்கிட்டதான் அது இல்லையே."

வயல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வயர்லெஸில் யாரோ இருமினார்கள், யாரோ ஹாரன் அடித்தார்கள். தோராவும் சிரித்தாள். மெட்ரோ இறந்த மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்து, அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியாமல் அழுதாள். உடுப்பின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துணியில் இன்னும் டீசல் வாசனை அடித்தது. இரண்டு டிராக்டர்கள் சங்கிலி கட்டி மிஷினை வெளியே இழுத்தபோது, இறங்கிக்கொள்ளும்படி நிக் கையைக் காட்டினான். அவள் பார்க்காத மாதிரி அடுத்த சுற்றுக்குத் திருப்பினாள்.

முதல் பனி விழுந்து, கர்லிங் ஆட்டக் கொட்டகையில் பனித்தரை உறைந்த பிறகு, காலைக் காப்பிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது தோரா விஷயத்தைச் சொன்னாள்.

"நிலத்தை நானே பாத்துக்கப்போறேன்."



"எது, காய்கறித் தோட்டமா?" என்றார் லாயிட்.

"எல்லாத்தையும்."

லாயிட் ஏதோ சொல்ல வாயெடுத்து, மேசையின் அந்த ஓரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிக் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனான். அவனுடைய வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

நெட்டி அன்று மாலை வந்தாள். "உங்க மேல கோபமில்ல அக்கா" என்று தொடங்கி, "கோபம்தான்" என்று முடித்தாள். நிக் இந்த நிலத்தையும் மனதில் வைத்துப் பெரிய விதைப்பு மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்தானாம். கோடையெல்லாம் படுக்கையில் புரண்டு புரண்டு, எந்த வயலில் எதைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தானாம். தோராவுக்கு இது எதுவுமே தெரியாது. அவன் வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நிக் அவளிடம் பேசவில்லை. இதில் ஒரு சங்கடம் இருந்தது. கர்லிங்கில் இருவரும் ஒரே அணி. கனமான கல்லைப் பனியில் வழுக்கிவிட்டு, அது போகிற பாதையை முன்னால் ஓடி ஓடித் துடைப்பத்தால் தேய்த்துக் கொடுக்கிற ஆட்டம் அது. நிக்தான் அணித் தலைவன். தூரத்தில் நின்று கட்டளை போட வேண்டியவன். தோராவும் நெட்டியும் துடைப்பக்காரர்கள். ஊரில் இருக்கிற ஆட்களுக்கு இன்னொரு அணி அமைக்க வழியில்லை. ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நிக் தன் அண்ணியிடம் பேசிய ஒரே வார்த்தை, "பெருக்கு!"

"பெருக்கு! பெருக்கு! இன்னும் வேகமா பெருக்கு!" என்று கொட்டகையே அதிரக் கத்துவான். ஆட்டம் முடிந்ததும் வாயை மூடிக்கொள்வான்.

"வீட்டுல ஒருநாள் இந்த மனுஷன் துடைப்பத்தைத் தொட்டதில்ல" என்று நெட்டி மூச்சிரைக்கத் தோராவின் காதில் சொல்வாள். "இங்க மட்டும் எப்படி அதிகாரம் பாத்தீங்களா?"

பிப்ரவரியில் பக்கத்து ஊர்ப் போட்டியில் கடைசிக் கல்லில் தோற்றார்கள். தோரா தேய்த்தது போதவில்லை. எல்லார் கண்ணிலும் பட்டது. திரும்பி வரும்போது நெட்டி வேண்டுமென்றே வேறு வண்டியில் ஏறிக்கொண்டாள். நிக்கின் வண்டியில் அண்ணியும் கொழுந்தனும் மட்டும். சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளைதான். வண்டியின் வெப்பக்காற்று ஒரு பக்கம் சுட்டது, மறு பக்கம் எட்டவில்லை. பாதி தூரம் வந்ததும் தோரா சொன்னாள்:

"திட்டுறதுன்னா திட்டிடு நிக்."

"கல்லுக்கு இல்ல."

"தெரியும். நிலத்துக்குத்தான்."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"எனக்கு விதைக்கத் தெரியாது" என்றாள் தோரா. "அறுக்க வேணா ஒரு மாதிரி தெரிஞ்சிடுச்சு. விதைப்பு மிஷினை எப்படி வைக்கறது, ஆழம் எவ்வளவு, ஒண்ணும் தெரியாது. உன்னைத்தான் கேக்கணும். நீ பேசவே மாட்டேங்கற. எப்படிக் கேக்கறது?"

நிக் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் தெரியாது அண்ணி" என்றான்.

"என்ன தெரியாது?"

"அண்ணன் என்னையும் தொட விட்டதில்ல. என் மிஷினுக்கும் அவருதான் வந்து அளவெல்லாம் வச்சுக் குடுத்துட்டுப் போவாரு. ஓட்டுறது மட்டும்தான் நான். இன்னிக்கு விதை, நாளைக்கு மருந்து அடி, நாளன்னைக்கு சும்மா இரு. சொல்வாரு, செய்வேன். ஐம்பத்திரண்டு வயசாச்சு எனக்கு. என் நிலத்துல என்ன போடறதுன்னு நான் ஒரு வருஷம்கூட முடிவு பண்ணதில்ல."

அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. கண்ணாடியில் படிந்த மூச்சுப் பனியை அவன் கையுறையால் துடைத்தான்.

"அவரு போனதும், சரி, இப்பவாச்சும் நான் யாருன்னு காட்டலாம்னு நெனச்சேன். அண்ணன் செத்ததுல இப்படி ஒரு நெனப்பு வருதேன்னு எனக்கே அசிங்கமாவும் இருந்துச்சு."

தோரா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கும் வந்துச்சு நிக். அன்னிக்கு மிஷின் மேல ஏறி உக்காந்தப்போ. அந்த மனுஷன் இதை நமக்குக் காட்டவே இல்லையேன்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிக்தான் முதலில் சிரித்தான்.

"பொத்தான் நிறைய இருக்குன்னு சொல்லியிருப்பாரே?"

"உன்கிட்டயுமா?"

வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் முடிவாகிவிட்டது. வீட்டைச் சுற்றிய நிலம் தோராவுக்கு. வடக்கிலும் ரயில் பாதைக்கு அப்பாலும் உள்ளது நிக்குக்குக் குத்தகை. விதைப்பு மிஷினை இரண்டு பேரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்பது. மார்ச் மாதம் முழுவதும் கொட்டகையில் இருவரும் மண்டியிட்டு, இயந்திரத்தோடு வந்த கையேட்டைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயாகக் கழற்றி மாட்டினார்கள். ஒருநாள் மாட்டி முடித்ததும் மூன்று திருகாணிகள் மீந்துவிட்டன. அவை எங்கிருந்து வந்தவை என்று கடைசி வரை தெரியவில்லை. மிஷின் ஓடியது, ஆகவே விட்டுவிட்டார்கள்.

மே மாதம் தோரா விதைத்தாள். நிக் நேராக ஓட்ட ஒரு வழி சொல்லியிருந்தான்: தூரத்தில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி ஓட்ட வேண்டும். தோரா தானியக் கிடங்கின் உச்சியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் விதை ஒழுங்காக விழுகிறதா என்று நிமிடத்துக்கொரு தரம் பின்னால் திரும்பிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. திரும்பும்போதெல்லாம் கையும் கூடத் திரும்பியது. கரும் மண்ணில் அப்போது ஒன்றும் தெரியவில்லை. மனநிறைவோடு வீட்டுக்குப் போய்க் குளித்தாள்.

மூன்று வாரத்தில் பயிர் முளைத்தது. அப்போது தெரிந்தது.

நேர்வகிடு எடுத்தாற்போல வரிசை வரிசையாகப் பச்சை நிற்கிற அந்தச் சமவெளியில், தோராவின் வயல் மட்டும் காற்றில் உலர்த்திய துணி மாதிரி நெளிந்து நெளிந்து ஓடியது. ஒரு இடத்தில் இரண்டு வரிசைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இன்னொரு இடத்தில் விதையே விழாமல் வெறும் மண் வால் மாதிரி நீண்டு கிடந்தது. வயலோ பிரதான சாலையை ஒட்டியது. பயிர் வளர்ந்து மறைக்கிற வரை, வருகிறவர் போகிறவர் எல்லார் பார்வைக்கும் அது திறந்து கிடந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

காலைக் காப்பியில் லாயிட் ஃபெர்பிக்கு விருந்துதான்.

"தோரா, விதைக்கும்போது குளவி ஏதாச்சும் உள்ள புகுந்துடுச்சா?"

"இல்லையே."

"பின்ன, பின்னால யாராச்சும் துரத்திக்கிட்டு வந்தாங்களா?"

"நேரா இருந்தா ரோட்டுல போறவன் தூங்கிடறான் லாயிட். போன வருஷம் உன் வயலைப் பாத்துக்கிட்டே போன ஒருத்தன் சாக்கடைப் பள்ளத்துல விட்டான். நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்."

"கோணலா விதைச்சா ஒரு ஏக்கர்ல ரெண்டு ஏக்கர் விளையும்" என்று நிக் நடுவில் சொன்னான். எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். நிக் ஜோக் அடிக்கிறான்! அவன் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பாதிரியார்கூட விடவில்லை. கோணலான பாதைகளை நேராக்குவதைப் பற்றி வேதாகமம் வாசித்த ஞாயிறன்று, அவர் தலையை நிமிர்த்தி மூன்றாவது வரிசையைப் பார்த்ததாகவும், அங்கே தோரா சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையைக் கடித்ததாகவும் நெட்டி ஊரெல்லாம் சொன்னாள்.

ஜூலையில் காரின் வந்தாள். சாலைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று வயலைப் பார்த்தாள். வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள்.

"அம்மா, இதை நீயா பண்ணின?"

"ஏன், யாரும் சொல்லலயா?"

"அப்பா பாத்திருந்தா..."

"பாத்திருந்தா அன்னிக்கே திருப்பி உழுதிருப்பாரு."

காரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு வாரம் இருந்தாள். அம்மா காலையில் சீட்டியடித்துக்கொண்டே எழுந்திருப்பதையும், வெயிலில் கறுத்த முகத்தோடு மூன்று துண்டு ரொட்டி சாப்பிடுவதையும் பார்த்தாள். கீழ்த்தளத்தைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. கிளம்பும்போது, "குளிர்காலத்துல ஒரு மாசம் மட்டும் வந்து இருந்துட்டுப் போ" என்றாள்.

"கர்லிங் இருக்கே" என்றாள் தோரா.

ஆகஸ்டில் ஒரு பிற்பகலில் மேற்கே மேகம் திரண்டது. மழை மேகத்தின் கறுப்பு இல்லை. அடியில் வெளுத்து, நடுவில் பச்சை பாரித்த மேகம். அந்த நிறத்துக்கு அங்கே எல்லாரும் பயப்படுவார்கள். தோரா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. காற்று சட்டென்று நின்றது, குளிர்ந்தது. பிறகு கிழக்கே தகரக் கூரை மேல் கூழாங்கல் கொட்டுவது போலச் சத்தம் எழுந்தது. அவள் முற்றத்தில் நாலைந்து பனிக்கட்டிகள் துள்ளி விழுந்தன. அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் வெயில் வந்துவிட்டது.

வயலைப் போய்ப் பார்த்தாள். அவள் பயிர் நின்றது. சாலைக்கு அந்தப் பக்கம் லாயிட் ஃபெர்பியின் கனோலா எண்ணெய்வித்து வயல், காலையில் காய் முற்றிச் சரம் சரமாக நின்றது, இப்போது யாரோ மிதித்துத் துவைத்தது போலத் தரையோடு கிடந்தது. ஆலங்கட்டி அடித்த வயலில் நசுங்கிய கீரை வாசனை வரும். காற்றில் அது அடித்தது.

வீட்டுக்கு வந்து, உலர்ந்த பிளம் பழக் கூழை அடுக்கடுக்காகப் பூசிச் செய்கிற ஐஸ்லாந்துக் கேக்கை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு லாயிட் வீட்டுக்குப் போனாள். மனைவி இறந்த பிறகு அவர் தனி ஆள். கொட்டகை வாசலில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். எப்போதும் பேசுகிற மனிதர் பேசாமல் இருந்ததைப் பார்க்க என்னவோ போல இருந்தது. அவளும் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். கத்தி கொண்டுவரவில்லை, அவர் தன் பேனாக்கத்தியைப் பேன்ட்டில் துடைத்துக் கொடுத்தார். அவள் அறுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் தின்றார்கள்.

"காப்பீடு இருக்கு" என்றார் கடைசியில். "சோத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா இந்த வருஷம் மாதிரி வந்ததே இல்ல தோரா. பூ பூத்தப்போ பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு தடவை வண்டியை நிறுத்திப் பாத்தேன்."

"நெசமாவா?"

"சொன்னா தலை கனத்துடும்னுதான் சொல்லல."

அவர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற அவள் கோதுமையை வெகுநேரம் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது.

"மேகம் நேராத்தான் வந்துச்சு" என்றார். "உன் வயலைப் பாத்ததும் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம என் மேல இறங்கிடுச்சு."

தோராவுக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த வருட அறுவடையில் லாயிட்டின் மிஷினுக்கு வேலை பாதியாகக் குறைந்துபோனதால், அவரே வந்து தோராவின் லாரியை ஓட்டினார். அவளுடைய மிஷினுக்குப் பக்கத்தில் கீழே ஓட்டிக்கொண்டு, கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்த்தபடி, "நேரா ஓட்டு, கொட்டுது, கொட்டுது!" என்று வயர்லெஸில் கத்திக்கொண்டே வந்தார். கோதுமை கொஞ்சம் சிந்தத்தான் செய்தது. நெட்டி வயலுக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். நிக்கும் வந்து சேர, நால்வரும் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டார்கள். விளைச்சல் அமோகம் என்று சொல்ல முடியாது. மெட்ரோ இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் தோரா தானியக் கிடங்கில் முதல் லாரியை நிறுத்தி, தன் பெயரைச் சொல்லி இறக்கியபோது, கிடங்குக்காரர் ஒரு கை கோதுமையை அள்ளி, மென்று பார்த்து, "கோணலா விதைச்சதுன்னு தின்னா தெரியல" என்றார். அது அந்த ஊரில் பெரிய பாராட்டு.

கடைசி வயலை அறுத்து முடித்த மறுநாள் மழை பிடித்தது. பயிரெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு பெய்கிற மழையைப் போல நல்ல மழை கிடையாது. ஒருவருக்கும் வேலை இல்லை. பனித்தரை இன்னும் போடாத கர்லிங் கொட்டகையில் எல்லாரும் ஈரக் கோட்டோடு வந்து உட்கார்ந்து, இரண்டாவது பாத்திரம் காப்பி போடச் சொன்னார்கள். வழக்கம்போல அடுத்த வருடப் பேச்சு வந்தது. லாயிட் மறுபடி கனோலாதான் என்றார். நிக், வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே முடிவு செய்த பெருமையோடு, வடக்கு வயலில் பார்லி என்றான். எல்லாரும் தோராவைப் பார்த்தார்கள்.

"நான் பருப்பு போடப்போறேன்" என்றாள்.

"என்ன பருப்பு?"

"மசூர். சிவப்பா, சின்னதா இருக்குமே. ரெஜினா பக்கம் போடறாங்களாம், ரேடியோவுல சொன்னான்."

"அதை யாரு தின்னுவாங்க?" என்றார் லாயிட்.

"உலகத்துக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பேரு தினமும் திங்கறாங்களாம்."

"தினமுமா? சூப்பாவா?"

"எப்படியோ. அவங்க பாத்துப்பாங்க. நான் விளைய வச்சா போதும்."

"அது இவ்வளவு உயரம்தான் வளரும்" என்று லாயிட் முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினார். "கோணல் கடைசி வரைக்கும் மறையாது. கோடை முழுக்க எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்" என்றாள் தோரா. காப்பிக் கோப்பையை நெட்டியிடம் நீட்டினாள். நெட்டி நிரப்பிக் கொடுத்தாள். கூரையில் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போகக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.